சோதனையிடப்படாத கனவான்

ஆர்ச்வே நிலையத்திலிருந்து ஹைகேட் மலைச் சாலையில் ஏறி வாட்டர்லோ பூங்காவைக் கடந்தால் ஹைகேட் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். நம்மவர்கள் அங்கே போவது பெரும்பாலும் கார்ல் மார்க்ஸின் சமாதியைப் பார்க்க. அதே தோட்டத்தில், வசதியற்றவர்களைப் புதைக்கும் பொதுக்குழி ஒன்றில், 1902 ஜனவரியில் இறந்த ஒருவன் ஹென்றி ரேமண்ட் என்ற பெயரில் புதைக்கப்பட்டான். அது அவனுடைய பெயரல்ல. அவன் ஆடம் வொர்த். விக்டோரியா கால லண்டனின் மேட்டுக்குடியினரோடு பழகிக்கொண்டே திருட்டைத் தொழிலாக நடத்தியவன். கதைகளிலும் படங்களிலும் வரும் கனவான் திருடனுக்கு இரத்தமும் சதையுமாக ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் இவனைத்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பாத்திரத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நூற்றாண்டுக்கு மேலாகக் கொண்டாடுகிறார்கள். தமிழில் அவன் காலூன்றவில்லை. நம்மிடம் நகைக்கும் பஞ்சமில்லை, திருட்டுக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன்? தமிழுக்குத் துப்பறியும் கதை பிந்தி வந்தது என்பது ஒரு பதில். அது எனக்குப் போதவில்லை. கனவான் திருடனின் கதையை நாம் மிக முந்தியே எழுதிவிட்டோம், ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து எழுதினோம் என்பதே என் எண்ணம். அந்தப் பக்கம் எது என்று பார்க்க முதலில் வொர்த்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் 1844 இல் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவன் அவன். அங்கே உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெயரிலும் வாழலாம் என்ற சுதந்திரம் அவனுக்குக் கிடைத்தது. 1869 இல் பொஸ்டன் நகரில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஐரோப்பாவுக்கு வந்தான். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரேமண்டின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு லண்டனில் குடியேறினான். பிக்கடிலியில் வீடு, பந்தயக் குதிரைகள், சொந்தமாக ஓர் உல்லாசப் படகு. 1876 மே மாதம் போண்ட் வீதியில் அக்னியூ கலைக்கூடத்துக்குள் இரவில் புகுந்து, கெயின்ஸ்பரோ வரைந்த டெவன்ஷயர் சீமாட்டியின் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தான். அந்த ஓவியம் சில வாரங்களுக்கு முன்புதான் 10,100 கினிக்கு ஏலம் போயிருந்தது. 25 ஆண்டுகள் அதைத் தன்னிடமே வைத்திருந்து, 1901 இல்தான் திருப்பிக் கொடுத்தான். கொனன் டொயிலின் மொரியார்ட்டிக்கு இவனே முன்மாதிரி என்று பலர் கருதுகிறார்கள்.

ஓவியத் திருட்டுதான் புகழ் பெற்றது. எனக்கு முக்கியமாகப் படுவது வைரத் திருட்டு. 1880 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவன் தென்னாபிரிக்காவுக்குப் போகிறான். கிம்பர்லி சுரங்கங்களின் வைரங்கள் துறைமுகத்துக்கு வந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறும். கப்பல் தவறினால் தபால் நிலையப் பெட்டகத்தில் தங்கும். வொர்த் தீக்கோழி இறகு வாங்கும் வியாபாரியாக அந்த ஊரில் தங்கி, தபால் அதிபரோடு நட்பாகி, அவருடைய சாவிகளை மெழுகில் அச்செடுத்துக்கொண்டான் என்று அவன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஆற்றைக் கடக்கும் தோணியின் கயிற்றை அறுத்து வைர வண்டியைத் தாமதப்படுத்தினான். கப்பல் போய்விட்டது. வைரங்கள் பெட்டகத்துக்கு வந்தன. அவன் திறந்து எடுத்துக்கொண்டு லண்டன் திரும்பி, ஹட்டன் கார்டன் வியாபாரிகளிடம் சந்தை விலைக்குச் சற்றுக் குறைவாக விற்றான்.

இதே காலத்தில் கிம்பர்லியில் இன்னொன்று நடந்தது. சுரங்கத்தைவிட்டு வெளியேறும் தொழிலாளர்களை உடை களைந்து சோதிக்கும் ஏற்பாடு 1883 இல் கடுமையாக்கப்பட்டது. வெள்ளை ஊழியர்கள் தங்களையும் அப்படிச் சோதிப்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் உடை களையத் தேவையில்லை என்றாயிற்று. கறுப்புத் தொழிலாளர்களுக்கு அந்த விலக்குக் கிடைக்கவில்லை. வைரத்தை மண்ணிலிருந்து எடுத்தவனுடைய வாயும் உடலும் தினமும் சோதிக்கப்பட்டன. இறகு வியாபாரியின் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு பெட்டகமே காலியாகிவிட்டது.

கனவான் திருடனின் வசீகரம் என்று நாம் ரசிப்பது இதைத்தான். அது புன்னகையோ, பேச்சோ, கோட்டின் தையலோ அல்ல. சோதனையிலிருந்து கிடைக்கும் விலக்கு. கதவில் நிற்பவன் இவனைப் பார்த்ததும் விலகி வழிவிடுகிறான். மற்ற எல்லாத் திறமையும் அதற்குப் பிறகுதான் வேலை செய்கிறது.

ஆங்கில இலக்கியம் இந்த விலக்கைத் தெரிந்தே கதையாக்கியது. ஹோர்னங் 1899 இல் வெளியிட்ட நூலில் வரும் ராஃபிள்ஸ் பிக்கடிலியில், ஆல்பனி மாளிகையில் குடியிருக்கிறான். பிரபுக்களின் வீடுகளுக்கு அவனை அழைப்பது அவன் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரன் என்பதற்காக. ஜோர்ஜ் ஓர்வெல் 1944 இல் ராஃபிள்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ராஃபிள்ஸிடம் அறம் இல்லை, 'இப்படிச் செய்வது முறையல்ல' என்ற வர்க்கத்தின் ஒழுங்கு மட்டுமே உண்டு என்பது அவருடைய கருத்து. கூரிய கவனிப்பு. ஆனால் ஓர்வெல் திருடனின் மனத்தைப் பற்றியே பேசுகிறார். நகையை இழந்தவரின் பக்கம் அவர் திரும்புவதில்லை. ராஃபிள்ஸ் கதைகளும் திரும்புவதில்லை.

ஏன் திரும்புவதில்லை என்பதற்கு ஹிட்ச்கொக் 1955 இல் எடுத்த 'டு கேட்ச் எ தீஃப்' நேர்மையான பதிலைத் தருகிறது. தெற்கு பிரான்ஸின் கடற்கரை ஹோட்டல்களில் நகைகள் களவு போகின்றன. கேரி கிராண்ட் பழைய திருடன். அவனோடு சேர்ந்து துப்புத் துலக்குபவர் லண்டன் லொயிட்ஸ் காப்புறுதி நிறுவனத்தின் ஆள். அந்தக் காப்புறுதி ஆளை எடுத்துவிட்டால் படத்தின் உல்லாசம் நின்றுவிடும். இழந்தவருக்குக் காசோலை வரும் என்று தெரிந்திருப்பதால்தான் நாம் கவலையில்லாமல் திருடனை ரசிக்க முடிகிறது. ஆக இந்த வகைக் கதைக்கு இரண்டு நிபந்தனைகள் தேவைப்படுகின்றன. திருடனைச் சோதிக்கக் கூடாது. இழந்தவருக்கு இழப்பு இருக்கக் கூடாது.

நம் வாழ்க்கையில் இரண்டும் நிறைவேறுவதில்லை.

ஆர்ச்வே சாலையிலுள்ள ஹைகேட்ஹில் முருகன் கோயிலுக்குத் திருவிழா நாட்களில் வரும் பெண்கள், 43 ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மேற்சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார்கள். உள்ளே போனபின்தான் அட்டியலும் பதக்கமும் வெளியே வரும். ஆசிய வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்து உடைக்கும் திருடர்களைப் பற்றிப் பண்டிகைக் காலங்களில் லண்டன் பொலிஸ் எச்சரிக்கை விடுவது வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டை, அவர்கள் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் உடைத்தார்கள். காப்புறுதிக் கம்பனி அவரிடம் ரசீது கேட்டது. அம்மம்மா 1950 களில் யாழ்ப்பாணத்தில் தட்டாரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்வித்த பதக்கத்துக்கு ரசீது எங்கே? கலியாணப் படம் ஒன்றில் அது இருந்தது. அதையும் அனுப்பினார். படம் சான்றாகாது என்று பதில் வந்தது.

அந்தப் பதக்கம் அதற்கு முன் மூன்று தடவை ஈடு போய் மீண்டது. ஒருமுறை வீட்டுக்குக் கூரை போட. ஒருமுறை தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட. ஒருமுறை பிடிபட்ட ஒருவரை வெளியே எடுக்க. நம்முடைய நகைக்கு அலங்காரம் பகுதிநேர வேலைதான். மற்ற நேரங்களில் அது வங்கி, பிணைப்பணம், பயணச்சீட்டு. அதைத் திருடியவனைச் சிரித்துக்கொண்டே பார்க்க நமக்கு முடியாது.

தமிழ் சினிமாவுக்கும் இது தெரிந்திருந்தது. இந்தி 'ஜுக்னு' (1973) தமிழில் 'குரு' (1980) ஆனபோது, கமல்ஹாசன் செய்த திருடன் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத்தான் திருடுகிறான். நம் திரையில் திருடனுக்கு அழகு மட்டும் போதாது. கணக்குக் காட்ட வேண்டும்.

இப்போது மதுரைக்குப் போகலாம்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நாம் பள்ளிக்கூடத்தில் ஊழ்வினைக்கு உதாரணமாகப் படித்தோம். அதை ஒரு நகைத் திருட்டுக் கதையாகப் படித்துப் பாருங்கள். கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகனின் மகன். சொத்தை இழந்தவன். மனைவியின் காற்சிலம்பில் ஒன்றை விற்று அதை முதலாக வைத்துத் தொழில் தொடங்கலாம் என்று மதுரைக்கு வருகிறான். ஊருக்குப் புதியவன். அவனுக்கு அறிமுகம் சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணகியை நகருக்கு வெளியே ஆயர் குடியிருப்பில் மாதரியிடம் விட்டிருக்கிறான். கடைவீதியில் எதிரே ஒருவன் வருகிறான். மேற்சட்டை அணிந்திருக்கிறான். பின்னால் நூறு கொல்லர்கள் வருகிறார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தே, இவன் அரண்மனையில் வரிசை பெற்ற பொற்கொல்லனாக இருக்க வேண்டும் என்று கோவலன் முடிவு செய்கிறான். அரசிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றை விலை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறான். பொற்கொல்லனின் மறுமொழி மிகப் பணிவானது.

பெயரே சொல்லப்படாத இந்தப் பொற்கொல்லன்தான் தமிழின் கனவான் திருடன். அரசியின் சிலம்பை ஏற்கெனவே எடுத்தவன் அவன். அந்தப்புரம்வரை போய்வருபவன், ஆகவே யாரும் சோதிக்காதவன். அரசன் எந்த நேரத்தில் எந்த மனநிலையில் இருப்பான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அரசி ஊடியிருக்கிறாள், அரசன் அவளைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த வழியில் மறித்துத் திருடன் அகப்பட்டான் என்கிறான். அரசனின் ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சிலம்பு அவன் கையில் இருந்தால். யாருடைய சிலம்பு என்ற கேள்வி அந்த ஆணையில் இல்லை. ஊருக்குப் புதியவனுக்குக் கையில் இருப்பதே குற்றம்.

இதற்குப் பிறகு வரும் பகுதியைத்தான் நம் விமர்சகர்கள் இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும். காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் தோற்றம் கொலைக்குரியவனின் தோற்றமல்ல என்று தயங்குகிறார்கள். கோவலனுக்கும் ஒரு கணம் அந்த விலக்குக் கிடைக்கப் பார்க்கிறது. பொற்கொல்லன் உள்ளூரச் சிரித்துக்கொண்டு அவர்களுக்குக் களவு நூலைப் பாடமெடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டும் திருடரின் துணைகள். ஒவ்வொன்றாக விளக்குகிறான். பிறகு ஒரு கதை சொல்கிறான். திருடன் ஒருவன் பகலில் தூதர் கோலத்தில் அரண்மனை வாயிலில் இருந்தான். இரவில் பெண் கோலத்தில் உள்ளே புகுந்தான். விளக்கின் நிழலில் நடந்து, உறங்கும் இளவரசனின் மார்பிலிருந்து வைர மாலையைக் கழற்றினான். இளவரசன் விழித்து வாளை உருவப் போனபோது உறை திருடனின் கையில் இருந்தது. மற்போருக்கு இழுத்தபோது தூணைக் காட்டிவிட்டு மறைந்துவிட்டான்.

மாறுவேடம், மேட்டுக்குடி, வைரம், நூலிழையில் தப்புதல். ராஃபிள்ஸின் எல்லா அம்சங்களும் சில வரிகளுக்குள் இருக்கின்றன. இளங்கோவுக்கு அந்த வகைக் கதை எழுதத் தெரியாமல் இல்லை. அதை யார் வாயில் வைத்தார் என்பதுதான் செய்தி. அந்தக் கதையைச் சொல்பவன் திருடன். கேட்பவர்கள் ரசிக்கிறார்கள். ரசித்து முடிப்பதற்குள் ஓர் அப்பாவியின் உயிர் போகிறது. இன்னொரு காவலன் தன் பங்குக்கு ஒரு மழை இரவில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வனைப் பற்றிச் சொல்கிறான். கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை எறிந்துவிடுகிறான்.

பொற்கொல்லனின் வாதத்தைக் கவனியுங்கள். திருடன் நல்லவனைப் போலத்தான் இருப்பான் என்கிறான். அவனுக்கே பாதுகாப்புத் தரும் நல்ல தோற்றம், வெளியூரான் மீது வைக்கப்படும்போது குற்றத்தின் சான்றாக மாறுகிறது. இதைவிடத் துல்லியமாக இதைச் சொன்ன படைப்பை நான் வேறெந்த மொழியிலும் படித்ததில்லை. குடிவரவு அதிகாரியின் முன் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. தெளிவாகப் பேசினால் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறான் என்பார்கள். தடுமாறினால் பொய் என்பார்கள். 2016 ஜனவரியில் டென்மார்க் இயற்றிய சட்டம், அகதிகளிடம் 10,000 குரோணருக்கு மேல் மதிப்புள்ள பணத்தையும் பொருளையும் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. கண்டனம் எழுந்த பின்னர் திருமண மோதிரம் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள். தாலிக்கொடி அந்த விலக்கில் அடங்குமா என்பதை மேசைக்கு அப்பால் இருப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த இடத்தில் இளைய வாசகர்கள் நெட்பிளிக்ஸின் 'லூபின்' (2021) தொடரை நினைப்பார்கள். நினைக்க வேண்டும். மொரிஸ் லெப்லாங்க் 1905 இல் படைத்த ஆர்சேன் லூபினை அது செனகல் வழிவந்த பிரெஞ்சு இளைஞன் ஒருவனின் கையில் கொடுக்கிறது. ஓமர் சி நடித்த அசான் டியோப்பின் தகப்பன் ஒரு செல்வந்தரின் கார்ச் சாரதி. நெக்லஸ் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இறக்கிறார். காப்புறுதிப் பணத்துக்காகத் திருட்டை நாடகமாடியவர் அந்த முதலாளிதான். இது மதுரைக் காண்டம். வெளியூரான், அணி, மரியாதைக்குரிய திருடன், விசாரணையற்ற சாவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஹிட்ச்கொக்கின் படத்தில் கவலையைப் போக்கிய அதே காப்புறுதி இங்கே குற்றத்தின் காரணமாகிவிடுகிறது.

தொடரின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அசான் லூவர் அருங்காட்சியகத்துக்குள் முதலில் துப்புரவுத் தொழிலாளியாகப் போகிறான். அவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கனவானைச் சோதிக்காதது மரியாதையால். துப்புரவுத் தொழிலாளியின் முகம் நினைவில் நிற்காதது அலட்சியத்தால். அந்த அலட்சியத்தையே அவன் வேடமாக்குகிறான். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. பெற்றோர் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நின்றபோது அவர்களைப் பார்க்காமலே காசு நீட்டியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் தொடரில் எனக்கொரு குறை உண்டு. மகனுக்கு அது வசீகரத்தைக் கொடுக்கிறது. தகப்பனுக்கு நியாயம் தேட மகன் ராஃபிள்ஸாக வேண்டியிருக்கிறது. வேடம் கலையாதவரைதான் அவன் வெல்கிறான். சாதாரணத் திறமையுள்ள மகனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்ற கேள்வியைத் தொடர் தொடுவதில்லை.

இளங்கோ அதைத் தொடுகிறார். கண்ணகியிடம் வேடமும் இல்லை, திறமையும் இல்லை. விரித்த கூந்தலோடு, மண் படிந்த உடலோடு, மற்றச் சிலம்பைக் கையில் ஏந்தி வாயிலில் நிற்கிறாள். காவலன் அஞ்சும் கோலம் அது. கனவானின் கோலத்துக்கு நேரெதிர். உள்ளே போய் அவள் கேட்டது சோதனையைத்தான். என் சிலம்புக்குள் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்க்கிறார்கள். அதுவரை ஒருவரும் நகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, நகையை வைத்திருந்தவனின் முகத்தை மட்டுமே படித்தார்கள். அவள் சோதனையைக் கீழிருந்து மேலாகத் திருப்புகிறாள். தானே கள்வன் என்று அரசன் தன்னைச் சொல்லிக்கொண்டு இறப்பது அதனால்தான். அந்தக் கதையில் யாரும் சோதிக்க முடியாத கடைசி மனிதன் அவன்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் காப்பியத்தைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நிறுத்த முடியாது. அரசன் இறந்த பிறகு, கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்றும், நாட்டில் மழை பெய்து நோய் நீங்கியது என்றும் அதே நூல் சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தொழிலைச் சேர்ந்த அத்தனை பேர். கோவலனைக் கொன்றது எந்தத் தர்க்கமோ அதே தர்க்கம்தான் இங்கும். யாரென்று கேட்காமல் தோற்றத்தையும் கூட்டத்தையும் பார்த்து முடிவெடுப்பது. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களை அறிந்த நாம், அந்த ஆயிரம் பேரைப் பூசை விவரமாகக் கடந்து போவது சரியல்ல. பொற்கொல்லர் தெருவிலிருந்து சிலப்பதிகாரத்தைத் திருப்பிச் சொல்லும் பெரிய நாவல் ஒன்றைத் தமிழில் படிக்க எனக்கு ஆசை.

தமிழ் வாசிப்பு தடுமாறும் இளையவர்கள் ஆர். பார்த்தசாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1993) மதுரைக் காண்டத்தை மட்டுமாவது படியுங்கள். லூபினைப் பார்த்தவர்கள் அதற்கு அடுத்த வாரமே படித்தால் நல்லது. எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். லண்டனில் நடக்கும் தமிழ் நகைத் திருட்டுக் கதை ஒன்றை உங்களில் யாராவது எழுதினால், அதைக் கறுப்புக் கையுறை அணிந்த கனவானிடம் தொடங்க வேண்டியதில்லை. ரசீது இல்லாத பதக்கத்தின் எடை எத்தனை பவுண், நடுவில் என்ன கல், பின்புறம் திருகாணி எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் தொடங்கலாம். உள்ளே இருப்பது என்னவென்று அவளுக்குத்தான் தெரியும்.